இரண்டு கரிநெருப்புகள்



விஸ்வநத்தத்திலும் சிவகாசிச் சுற்றூர்களிலும் வாழும் நமக்கு நெருப்பைப் பற்றி யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மருந்து அறைக்குள் நுழையுமுன் கைப்பேசியை வெளியே வைத்துவிடுகிறோம். அது உயிரைக் காக்கும் அச்சம். ஆனால், உயிரைக் காப்பதாகச் சொல்லி உள்ளத்தைச் சுட்டுவிடும் அச்சமும் ஒன்று உண்டு.

அந்த அச்சம் பேதுருவைப் பிடித்ததும் ஒரு நெருப்பருகேதான். தலைமைக் குருவின் முற்றத்தில் குளிர்காய்ந்தவரை முதலில் கேட்டவர் ஒரு பணிப்பெண். சற்றுமுன் தோட்டத்தில் வாளை உருவியவர், இப்போது தம் ஆண்டவரையே தெரியாது என்று மும்முறை மறுதலித்தார்.

நம் மண்ணில் மறுதலிக்காத ஒருவர் இருந்தார். திருவிதாங்கூர் அரசுப் பணியில் இருந்த நீலகண்டன், 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். 1749-இல் சிறைப்பட்டார். எருமைமேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் அவமானப்படுத்தினார்கள். அவர் அசையவில்லை. 1752 சனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுடப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

அவருடைய விழாவை நாம் கொண்டாடுகிறோம். ஆனால், நம் ஆலயத்திலேயே திருமுழுக்குப் பதிவேட்டில் ஒரு பெயரும் பள்ளிச் சான்றிதழில் வேறொரு பெயருமாக வாழ்கிறவர்கள் உண்டு. 1950 ஆகஸ்டு 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின்படி, கிறிஸ்தவர் என்று சொன்ன தலித் மக்கள் பட்டியல் சாதிக்குரிய உரிமைகளை இழக்கிறார்கள். 1956-இல் சீக்கியர்களுக்கும் 1990-இல் பௌத்தர்களுக்கும் திறந்த கதவு, நமக்கு இன்னும் திறக்கவில்லை. பிள்ளையின் படிப்பும் வேலையும் போய்விடுமே என்று ஒரு தாய் அலுவலகத்தில் வாயடைத்து நிற்கிறார். ஞாயிறு வந்தால் கடைசி வரிசையில் தலைகுனிந்து அமர்கிறார்.

தேவசகாயத்தைக் காட்டி அவரைக் கடிந்துகொள்வது எளிது. ஆனால், இழப்பதற்கு ஒன்றுமில்லாத இடத்திலும் நாம் வாய்மூடி இருந்ததில்லையா? சக தொழிலாளர்கள் நம் நம்பிக்கையைக் கேலி செய்தபோது நாமும் சேர்ந்து சிரித்ததில்லையா? நமக்கு எந்த ஆணை தடையாக இருந்தது?

யோவான் நற்செய்தியில் இன்னொரு கரிநெருப்பு வருகிறது. திபேரியக் கடற்கரையில் அதை மூட்டியவர் உயிர்த்த ஆண்டவர். அதில் மீன் வெந்துகொண்டிருக்கிறது. அருகே அப்பமும் இருக்கிறது. ஏன் மறுதலித்தாய் என்று அவர் பேதுருவைக் கேட்கவில்லை. முதலில் பசியாற்றினார். பிறகு, தம்மீது அன்பு உண்டா என்று மும்முறை கேட்டார். முற்றத்தில் தவறிய நாவு கரையில் அன்பை அறிக்கையிட்டது. அந்தப் பேதுருவிடமே தம் மந்தையை ஒப்படைத்தார்.

நம் பங்கு முற்றத்து நெருப்பாக இருக்கிறதா, கரையின் நெருப்பாக இருக்கிறதா? இந்த ஞாயிறு, கடைசி வரிசையில் இருப்பவர் அருகே போய் அமர்வோம். அவருடைய உரிமைக்காக அவரோடு சேர்ந்து குரல் கொடுப்போம். தனியாக நிற்கும்போதுதான் அச்சம் பெரிதாகிறது.

ஆண்டவரே, மறுதலித்த எங்களை மீண்டும் உம் நெருப்பருகே அழைத்தருளும். புனித தேவசகாயமே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.