தனியே ஆடும் இருவர் ஆட்டம்

(நமது சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்விழாவில் சிறிது நேரம் பேச வேண்டும் என்று நம் செயலாளர் அவர்கள் கூட்ஸ் ஆபீசுக்கே வந்து சொன்னபோது நான் திகைத்துப் போனேன். கம்பனைப் பற்றிப் பேசப் புலவர்கள் இருக்கிறார்கள். இசையைப் பற்றிப் பேச இசைவாணர்கள் இருக்கிறார்கள். பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்துவிட்டு, இந்த நாகபுரியில் இருபது ஆண்டுகளாகச் சரக்குக் கணக்கு எழுதிவரும் நான் எதைப் பற்றிப் பேசுவது? “உமக்குத் தெரிந்ததைப் பேசும்” என்றார் அவர். எனக்குத் தெரிந்தது ஒரு விளையாட்டு. அதிலும், இருவர் ஆட வேண்டிய அவ்விளையாட்டைத் தனியொருவனாக ஆடத் தெரியும். அதைப் பற்றியே பேசத் துணிந்தேன். நகைக்க வேண்டுமாயின் முடிவில் நகையுங்கள்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் ஊரடங்கு வந்ததை எவரும் மறந்திருக்க மாட்டீர்கள். பயணிகள் வண்டிகள் நின்றன. சரக்கு வண்டிகள் நிற்கவில்லை. ஆதலின் எனக்கு வேலையும் நிற்கவில்லை. வீட்டில் அடைபட்டுக் கிடந்தவள் பதினான்கு வயது நிரம்பிய என் மகள். கைப்பேசியில் பழைய நூல்களைப் படித்துப் பொழுதைப் போக்கியவள், ஒருநாள் என்னிடம் ஓடிவந்து, “அப்பா, நாம் போர் செய்யலாமா?” என்று கேட்டாள்.

அவள் கண்டெடுத்த நூல், காலப் பொறியைப் பற்றிக் கதை புனைந்த ஆங்கில ஆசிரியர் எச். ஜி. வெல்ஸ் 1913ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘லிட்டில் வார்ஸ்’ என்பது. சிறு போர்கள் என்று பொருள். பொம்மைச் சிப்பாய்களை அறைத் தரையில் அணிவகுத்து இருவர் போரிடுவதற்கு வேண்டிய விதிகளை அவர் அதில் வகுத்திருக்கிறார். காலாள் ஒரு முறைக்கு ஓர் அடி தூரம் நகரலாம். குதிரை இரண்டு அடி நகரலாம். சுருள்வில் வைத்த சிறு பீரங்கி மரத்துண்டை எறிந்து எதிரியின் பொம்மையை வீழ்த்தும். ஆனால் அதன் அருகில் நான்கு வீரரேனும் நின்றால்தான் அது இயங்கும். சம எண்ணிக்கையினர் கைகலந்தால் இருபுறத்திலும் ஆளுக்கு ஆள் விழுவர். வெல்ஸ் போரைப் புகழ்வதற்காக இதனை எழுதவில்லை. மெய்யான போரைக் காட்டிலும் இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதே அவர் கருத்து. அதற்கு மறு ஆண்டே, 1914இல், முதல் உலகப் போர் மூண்டது.

ஈயச் சிப்பாய்களுக்கு நாங்கள் எங்கே போவது? பழைய திருமண அழைப்பிதழ்கள் வீட்டில் ஒரு கட்டு இருந்தன. அவற்றை வெட்டி, மடித்து, வண்ணந்தீட்டி, பக்கத்துக்கு இருபத்துநான்கு காலாளும் ஆறு குதிரையும் செய்தாள் மகள். பால்பாயிண்ட் பேனாவின் சுருள்வில்லைக் கொண்டு, தீக்குச்சியை எறியும் பீரங்கி ஒன்றும் இருபுறத்துக்கும் செய்தாள். என் பழைய ரயில்வே கால அட்டவணைகள் மலைகளாயின. சாப்பாட்டு மேசை சிறிதாகையால், வெல்ஸ் சொன்ன தூரங்களைப் பாதியாக்கிக்கொண்டோம். சிவப்புப் படை அவளுடையது. நீலப் படை என்னுடையது. மூன்று ஆண்டுகள் இவ்வாறு ஆடினோம். பெரும்பாலும் நானே வென்றேன். அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

நிற்க. 2023ஆம் ஆண்டில் அவள் பன்னிரண்டாம் வகுப்பில் தேறினாள். அடுத்து என்ன படிப்பது என்ற கேள்வி எழுந்தது. வணிகவியல் படித்து ரயில்வே தேர்வு எழுத வேண்டும் என்றேன் நான். வரலாறு படிக்க வேண்டும் என்றாள் அவள். “வரலாறு சோறு போடுமா?” என்று கேட்டேன். இந்தக் கேள்வியைக் கேட்காத தந்தை இந்த அவையில் எத்தனை பேர் இருப்பீர்களோ, அறியேன். அவள் அழவில்லை, வாதாடவும் இல்லை. சென்னையிலுள்ள தன் அத்தை வீட்டில் தங்கி, தான் விரும்பிய படிப்பிலேயே சேர்ந்துவிட்டாள். அதன்பின் தொலைபேசியில் தாயிடம் அரைமணி நேரம் பேசுவாள். என்னிடம், “நலமா அப்பா? மாத்திரை சாப்பிட்டீர்களா?” என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொள்வாள். நானும் இரண்டு விடைகளோடு நிறுத்திக்கொள்வேன்.

அலமாரியின் மேல் அந்த அட்டைப் படைகள் கிடந்தன. ஒருநாள் இரவு உறக்கம் வராமல் அவற்றை எடுத்து மேசைமேல் பரப்பினேன். எதிரே ஆள் இல்லை. நானே இருபுறமும் ஆடலாம் என்று தொடங்கினேன்.

தனியாக ஆடுவது நமக்குப் புதிதன்று. பல்லாங்குழியில் சீதைப் பாண்டி என்று ஓர் ஆட்டம் உண்டு. அசோகவனத்தில் தனித்திருந்த சீதாபிராட்டி ஆடியது என்று நம் பாட்டிமார் கூறுவர். ஆனால் அது ஒருவர்க்கென்றே அமைந்த ஆட்டம். இருவர்க்கென்று அமைந்ததை ஒருவர் ஆடப் புகுந்தால் தொல்லை தொடங்கிவிடுகிறது. வலக்கை நினைப்பது இடக்கைக்குத் தெரிந்துவிடுகிறது. மலைக்குப் பின்னால் குதிரைகளை ஒளித்து வைத்தவனும் நானே. அவற்றைக் கண்டு திடுக்கிட வேண்டியவனும் நானே. திடுக்கிடுவது எங்ஙனம்?

பத்து ஆட்டங்கள் ஆடினேன். கணக்கு எழுதும் வழக்கம் விடாதாகையால் ஒரு தாளில் குறித்தும் வைத்தேன். நீலம் ஒன்பது; சிவப்பு ஒன்று. அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்கே நாணமாக இருந்தது. நான் அறிந்து வஞ்சகம் செய்யவில்லை. ஆனால் நீலத்தின் முறை வந்தால் காப்பியை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் சிந்தித்தேன். சிவப்பின் முறை வந்தால் கைக்கு வந்ததை நகர்த்திவிட்டு மீண்டும் நீலத்திற்கு ஓடினேன். எதிரிக்கும் மூளை உண்டு என்பதை என் கை ஒப்புக்கொள்ளவில்லை.

இத்தொல்லைக்கு மருந்து உண்டா என்று தேடினேன். பலர் எனக்கு முன்பே தேடியிருக்கிறார்கள். இங்கிலாந்தில் டொனால்டு ஃபெதர்ஸ்டோன் என்பவர் தனியாக ஆடுவோர்க்கென்றே 1973ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதியிருக்கிறார். இவ்வாறு ஆடுவோர் கையாளும் வழிகள் சிலவற்றைச் சொல்லுகிறேன். முதலாவது, ஆட்டம் தொடங்குமுன் இரு தளபதிகளின் கட்டளைகளையும் தாளில் எழுதிவிட வேண்டும். மேசைமேல் கண்கூடாக ஒன்று நிகழ்ந்தாலன்றி அவற்றை மாற்றலாகாது. இரண்டாவது, எதிரி செய்யக்கூடியவை மூன்று என்றால், மூன்றையும் எழுதிவைத்துப் பகடையை உருட்ட வேண்டும். சிறந்த வழிக்கு ஒன்று முதல் மூன்று வரை; அடுத்ததற்கு நான்கும் ஐந்தும்; அசட்டு வழிக்கு ஆறு. அறிவாளியும் சில வேளைகளில் அசடனாவான் அன்றோ! மூன்றாவது, படைப்பிரிவுகளின் பெயரைச் சீட்டுகளில் எழுதித் தீப்பெட்டிகளுக்குள் இட்டு, சில பெட்டிகளை வெறுமையாக விட்டு, கலைத்து வைக்க வேண்டும். அருகில் சென்று திறக்கும்வரை எதில் என்ன இருக்கிறது என்பது ஆடுபவனுக்கே தெரியாது.

இவற்றையெல்லாம் படிக்கும்போது மற்றொரு செய்தியும் அறிந்தேன். பிரஷ்ய நாட்டில் ரைஸ்விட்ஸ் என்னும் பெயருடைய தந்தையும் மகனும் இருந்தார்கள். தந்தை 1812ஆம் ஆண்டில் போர் விளையாட்டுக்கென ஒரு மேசையைச் செய்து அரசருக்கு அளித்தார். படை அதிகாரியான மகன் அதைத் திருத்தி, 1824இல் விதிகளை அச்சிட்டார். அங்கும் ஒருபுறம் சிவப்பு, மறுபுறம் நீலம். ஆனால் அந்த ஆட்டத்தில் மூன்றாமவர் ஒருவர் உண்டு. அவர் நடுவர். இரு தளபதிகளும் தத்தம் கட்டளையை எழுதி அவரிடம் கொடுப்பர். யார் கண்ணுக்கு எது தெரியும் என்பதை அவரே முடிவு செய்வார்.

தனியாக ஆடுபவன் இருவராக வேண்டும் என்றே நான் எண்ணியிருந்தேன். அது பிழை. அவன் மூவராக வேண்டும். நடுவன் இல்லாத இடத்தில் எதிரி வெறும் அட்டையாகிவிடுகிறான்.

இதை அறிந்தபின் முறையாக ஆடத் தொடங்கினேன். சிவப்பின் முறை வரும்போது எழுந்து சென்று, மகள் அமரும் நாற்காலியிலேயே அமர்ந்தேன். மேசை அங்கிருந்து வேறாகத் தெரிந்தது. நான் காப்பென்று நினைத்த மலை, அங்கிருந்து பார்க்க ஒரு பொறியாகத் தெரிந்தது. சிவப்பின் கட்டளைகளை எழுதத் தாள் வேண்டி அவளுடைய மேசை இழுப்பறையைத் திறந்தேன். அதில் ஒரு நோட்டுப் புத்தகம் கிடைத்தது.

பிறர் எழுதியதைப் படிப்பது தவறுதான். அட்டையில் ‘போர்க் குறிப்பு’ என்றிருந்தமையால் படித்துவிட்டேன். நாங்கள் ஆடிய ஆட்டங்களின் வரலாறு தேதி வாரியாக அதில் இருந்தது. “அப்பா எப்போதும் குதிரைகளை வலப்புறமே வைக்கிறார்.” “அப்பா பீரங்கியை இழக்க அஞ்சுவார். அதை மிரட்டினால் காலாட்படையை மறந்துவிடுவார்.” மூன்று ஆண்டுகள் அவள் என் நாற்காலியில் மனத்தால் அமர்ந்து என்னைப் பயின்றிருக்கிறாள். பின்னும் புரட்டினேன். ஓரிடத்தில் எழுதியிருந்தாள்: “அப்பாவுக்கு நேற்று நைட் டியூட்டி. தோற்றால் இரவு முழுதும் பேச மாட்டார். ஆகையால் இன்று கடைசியில் பீரங்கியைச் சுடவில்லை.” அத்தகைய குறிப்புகள் ஒன்றல்ல, எண்ணிப் பார்த்தேன், பதினேழு இருந்தன.

அன்பர்களே! அன்றிரவு நான் ஆட்டத்தைத் தொடரவில்லை.

என் தொழிலைச் சற்று எண்ணிப் பாருங்கள். சரக்கை உரிய நேரத்தில் எடுக்காத வணிகர்மீது வார்ஃபேஜ் கட்டணம் விழுகிறது. அதைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று அவர் விண்ணப்பம் கொடுக்கிறார். அதிகாரியின் முன் கோப்பை வைக்குமுன், வணிகர் சொல்வது இது, ரயில்வேயின் கணக்கு இது என்று இரு தரப்பையும் எழுதுவது என் கடமை. ஒரு தரப்பை மட்டும் எழுதினால் கோப்புத் திரும்பி வந்துவிடும். முகமறியாத வணிகருக்கு நாள்தோறும் செய்யும் நியாயத்தை, பெற்ற மகளுக்கு நான் ஒருநாளும் செய்யவில்லை. அவள் விண்ணப்பத்தைப் படிக்காமலே ஆணையை எழுதிவிட்டேன்.

மறுநாள் மீண்டும் அந்த நாற்காலியில் அமர்ந்தேன். இம்முறை அட்டைப் படைகளைத் தொடவில்லை. வரலாறு ஏன் படிக்க வேண்டும் என்று, அவள் தரப்பில் நின்று, அவள் வாதாடாமல் விட்டதையெல்லாம் நானே வாதாடி ஒரு கடிதம் எழுதினேன். நான்கு பக்கம் வந்தது. எழுத எழுத, என் கேள்விக்கு நான் எண்ணியிருந்ததைவிட நல்ல விடைகள் இருப்பது தெரிந்தது. கடைசியில், “உன் தரப்பை நான் சரியாக ஆடியிருக்கிறேனா? பிழை இருந்தால் திருத்து” என்று முடித்து, சென்னைக்கு அஞ்சலில் அனுப்பினேன்.

எட்டு நாள் கழித்துக் கடிதம் திரும்பி வந்தது. மூன்றாம் பக்கத்தில் இரண்டு பத்திகளைச் சிவப்பு மையால் அடித்திருந்தாள். வேலை கிடைக்கும் என்பதற்காக வரலாற்றைத் தேர்ந்தெடுத்ததாக நான் எழுதியிருந்தேன். அது அவள் காரணமன்றாம். ஓரத்தில், “நம் மேசையில் இறந்த அட்டைச் சிப்பாய்க்கும் ஊரும் பேரும் இருந்திருக்கும் அல்லவா அப்பா? அதைத் தெரிந்துகொள்ளத்தான்” என்று எழுதியிருந்தாள். அடியில், “மற்றவை சரி. நோட்டைப் படித்துவிட்டீர்கள் போலிருக்கிறது” என்று ஒரு வரி. அதன்பின் தொலைபேசியில் எங்களுக்கும் அரைமணி நேரம் போதவில்லை.

சென்ற விடுமுறையில் தமிழ்நாடு எக்ஸ்பிரசில் வந்து இறங்கினாள். இரவு மேசையைத் துடைத்து, படைகளை நிறுத்தினோம். “இம்முறை விட்டுக்கொடுக்கக் கூடாது” என்றேன். “சரி அப்பா” என்றாள். அரைமணி நேரத்தில் என் நீலப் படை அழிந்தது. என் குதிரைகள் வலப்புறந்தான் நின்றன. நாற்பத்தாறு வயதில் பழக்கம் அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. ஆனால் தோற்றபின் நான் வாய்மூடி இருக்கவில்லை. எங்கே பிழைத்தேன் என்று கேட்டேன். அவள் சொல்லச் சொல்ல நள்ளிரவு கடந்துவிட்டது. படுக்கச் சொல்லி என் இல்லத்தரசியார் இரண்டு முறை வந்து அதட்ட வேண்டியதாயிற்று.

தாய்மார்களே! பெரியோர்களே! ஊரை விட்டு நெடுந்தொலைவு வந்து வாழும் நமக்கு வீட்டில் இருப்பவர் நாலு பேர். அவருள் ஒருவர் எதிர்ப்புறம் அமர்ந்துவிட்டால், மேசை பாதி வெறுமையாகிவிடுகிறது. அத்தகைய வேளையில் ஒருமுறை எழுந்து சென்று அந்த நாற்காலியில் அமர்ந்து பாருங்கள். அங்கிருந்து ஆடும்போது விரைந்து ஆடாதீர்கள். உங்கள் முறைக்கு எவ்வளவு நேரம் சிந்திப்பீர்களோ, அவ்வளவு நேரம் அவர் முறைக்கும் சிந்தியுங்கள். ஆடி முடித்தபின், சரியாக ஆடினீர்களா என்பதை உரியவரையே கேளுங்கள். எதிரியின் மனத்தை நாமே முற்றும் அறிந்துவிட்டோம் என்று எண்ணினால், அதுவும் ஒரு தோல்வியே. என் கடிதத்திலும் இரண்டு பத்திகள் அடிபட்டன அன்றோ!

இனி நகைப்பவர்கள் நகைக்கலாம்.