ஓடும்போதே மாற்று!

 

'சிறு நிறுவனத்தின் பழைய சர்வர்: ஓடும்வரை ஓடட்டுமா, ஓடும்போதே மாற்றுவதா?' இதுதான் தலைப்பு. "தமிழ்ப் பேராசிரியருக்கும் சர்வருக்கும் என்ன சம்பந்தம்?" என்று எதிரணி நண்பர் கேட்டார். சம்பந்தம் இருக்கு அய்யா! ஓலைச்சுவடி நைந்து உதிர்வதற்கு முன்னாலேயே யாரோ ஒரு புண்ணியவான் புது ஓலையில் பிரதி எடுத்து வச்சான். அதனாலதான் நான் இன்னைக்குப் பேராசிரியர். "ஓலை நல்லாத்தானே இருக்கு, இருக்கிறவரை இருக்கட்டும்"னு அவன் சும்மா இருந்திருந்தா, நான் பாடம் நடத்த ஏடு ஏது? (கைதட்டல்)

முதலில் இந்த டொமைன் கன்ட்ரோலர் என்றால் என்ன? ஒரு ஆடிட்டர் அலுவலகம். இருபது கம்ப்யூட்டர். காலையில் வந்ததும் பேரையும் பாஸ்வேர்டையும் அடிக்கிறாங்க. "இந்தம்மா நம்ம ஆளுதான், சம்பளக் கணக்கைத் திறக்கலாம். அந்தத் தம்பி திறக்கக்கூடாது" என்று தீர்ப்புச் சொல்லும் நாட்டாமை ஒருவர் வேணும். அந்த நாட்டாமைதான் டொமைன் கன்ட்ரோலர். அவர் கையிலுள்ள பேரேட்டுக்குப் பெயர் ஆக்டிவ் டைரக்டரி.

சின்ன நிறுவனங்களுக்கென்றே மைக்ரோசாப்ட் 'ஸ்மால் பிசினஸ் சர்வர்' என்று ஒன்றைக் கொடுத்தது. 2003, 2008, 2011 என்று பதிப்புகள் வந்தன. 75 பேர் வரை வேலை செய்யலாம். நாட்டாமையும் அதுதான், தபால்காரரும் அதுதான், பீரோவும் அதுதான். ஒரே பெட்டிக்குள்ள எல்லாம்! நம்ம வீட்டு அம்மா மாதிரி. அம்மா ஒருநாள் படுத்துட்டா காபி மட்டுமா நிற்கும்? வீடே நின்னு போகும்.

எதிரணித் தலைவர் அழகாச் சொன்னார்: "ஓடுகிற வண்டியை எதுக்குய்யா பிரிக்கிறே? செலவு யார் கொடுப்பா?" நியாயமான கேள்வி. சின்ன முதலாளிக்கு ஒவ்வொரு ரூபாயும் வியர்வை. நான் மறுக்கல. ஆனா அந்த வண்டிக்கு மெக்கானிக் கையை விரிச்சாச்சே! 2003 பதிப்புக்கு 2015 ஜூலையோடு பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 2011 பதிப்புக்கு 2020 ஜனவரி 14 கடைசி நாள். 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்று ஒரு நச்சு நிரல் உலகத்தையே அழ வைத்ததே, ஞாபகம் இருக்கா? அதற்கான திருத்தம் அந்த வருஷம் மார்ச் மாதமே வந்துவிட்டது. போட்டுக்கொண்டவர் தப்பினார். ஆதரவு முடிந்துபோன 2003 சர்வருக்குப் பொதுவில் திருத்தம் கிடைத்தது மே மாதம், தாக்குதல் நடந்த பிறகு! வீடு எரிஞ்சப்புறம் வர்ற தண்ணி லாரி அது.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் கட்சியின் உயிரே அதுதான். தயவுசெய்து கவனிக்கணும்.

புது டொமைன் கன்ட்ரோலர் பாடம் கற்பது யாரிடம்? பழைய டொமைன் கன்ட்ரோலரிடம்தான். இரண்டும் உயிரோடு, ஒரே வலையில் இருக்கும்போது, பேரேடு முழுவதும் தானாகவே புதியதற்குப் பிரதியாகிறது. யாருடைய பாஸ்வேர்டும் மாறாது. இருபது கம்ப்யூட்டரில் ஒன்றைக்கூடப் பிரித்துச் சேர்க்க வேண்டாம். பழையது செத்துப்போய், பேக்கப்பும் சரியில்லையென்றால்? அதே பெயரில் புது டொமைன் ஆரம்பித்தாலும் அது அதே டொமைன் ஆகாது. ஒவ்வொரு கணக்குக்கும் உள்ளே ஓர் அடையாள எண் உண்டு, அது வேறாகிவிடும். ஒவ்வொரு கம்ப்யூட்டரையும் திரும்பச் சேர்க்கணும். ஒவ்வொரு கோப்புறைக்கும் உரிமையைத் திரும்பக் கொடுக்கணும். கணக்குத் தாக்கல் செய்யக் கடைசி நாள் நாளைக்கு என்றால், அந்த ஆடிட்டர் நிலைமையை நினைச்சுப் பாருங்க!

"பேக்கப் இருக்கே" என்பீர்கள். என்றைக்காவது மீட்டுப் பார்த்தீர்களா? மீட்டாலும் எழுந்து வருவது அதே பழைய, பாதுகாப்பில்லாத சர்வர்தானே!

மாற்றுவதிலும் முறை இருக்கு. மாமியார் மருமகளிடம் பொறுப்பைக் கொடுக்கிற மாதிரி. (சிரிப்பு) மருமகள் வந்த அன்னைக்கே சாவிக்கொத்தைத் தூக்கிக் கொடுத்துடுவாங்களா? கொஞ்ச நாள் ரெண்டு பேரும் ஒரே அடுக்களையில் நிற்கணும். எந்த டப்பாவில் எது இருக்குன்னு காட்டணும். அப்புறம்தான் சாவி.

இங்கே ஐந்து சாவிகள். ஆக்டிவ் டைரக்டரியில் ஒரே ஒரு சர்வர் மட்டும் வகிக்கக்கூடிய பொறுப்புகள் ஐந்து. முதலில் பழையதன் உடல்நிலையைச் சோதிக்கணும், பேக்கப் எடுக்கணும். உள் கோப்புகளைப் பிரதி எடுக்கும் பழைய முறையைப் புது முறைக்கு மாற்றணும். இல்லையென்றால் 2019, 2022 சர்வர்கள் வீட்டுக்குள்ளேயே வராது. 2025 சர்வரோ இன்னும் கறார். 2011 பெட்டியின் பக்கத்தில் அது நேராக வந்து உட்காராது. இடையில் 2022 மாதிரி ஒன்றை வைத்து, பழையதை விலக்கிவிட்டு, அப்புறம்தான் அழைக்கணும்.

புதியது சேர்ந்து, பிரதி சரியாக நடக்கிறதா என்று பார்த்த பிறகு ஐந்து சாவியையும் முறையாக ஒப்படைக்கணும். கடிகாரப் பொறுப்பும் கூடவே போகும். சாதாரண அமைப்பில், நேரம் ஐந்து நிமிஷத்துக்கு மேல் முன்பின் ஆனால் நாட்டாமை கதவைத் திறக்க மாட்டார். இன்னொன்று: சாவியைக் கொடுத்த பிறகு 2011 பெட்டிக்கு 21 நாள்தான் அவகாசம். அதற்கப்புறம் அது தானாகவே அணைய ஆரம்பிக்கும். அதனால் தபால் வேலையை முன்கூட்டியே வேறிடம் மாற்றி, கோப்புகளை நகர்த்தி, எல்லாக் கம்ப்யூட்டரும் முகவரி கேட்க வேண்டியது புதியதிடம்தான் என்று திருத்தி வைக்கணும்.

கடைசியில் பழையதின் வயரைப் பிடுங்கக் கூடாது! பதவியிலிருந்து முறைப்படி விலக்கணும். வெறுமனே பிடுங்கினால் பேரேட்டில் அதன் பெயர் அப்படியே இருக்கும். மற்றவை செத்துப்போன சர்வரைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஆளே இல்லாத வீட்டுக்குத் தபால் போடுகிற கதைதான்.

நடுவர் அவர்களே, குறள் சொல்லாமல் இறங்கினால் என் மாணவர்கள் விடமாட்டார்கள். குறளைச் சொல்லவில்லை, வரிசையை மட்டும் சொல்கிறேன். திருக்குறளில் 47-ஆம் அதிகாரம் தெரிந்துசெயல்வகை, 48 வலியறிதல், 49 காலமறிதல், 50 இடனறிதல். யோசி, இருக்கிற பலத்தை அள, நேரம் பார், இடம் பார். சர்வர் மாற்றுகிற பொறியாளர் சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய வரிசை இது! (பலத்த கைதட்டல்)

எதிரணி நண்பர்கள் பழையதன் மேல் பாசம் என்றார்கள். எனக்கும் பாசம் உண்டு. பத்துப் பதினைந்து வருஷம் ஒரு மூலையில், ஏ.சி.கூட இல்லாத அறையில், இருபது குடும்பத்துச் சோற்றுக்கு உழைத்த பெட்டி அது. அதற்குச் செய்யும் மரியாதை என்ன? நடுராத்திரியில் தனியாகச் சாகவிட்டு, காலையில் எல்லாரையும் அழ வைப்பதா? தெரிந்ததையெல்லாம் அடுத்தவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நிம்மதியாக ஓய்வுபெற வழிசெய்வதா?

எழுதப் படிக்கத் தெரிந்த தாத்தா உயிரோடு இருக்கும்போது கேட்காமல் விட்டு, பத்திரம் எங்கே என்று அவர் போன பிறகு பரணைக் குடைகிற குடும்பங்களை நாம் பார்த்திருக்கிறோம். கேட்க வேண்டியதை இருக்கும்போதே கேளுங்கள். ஆகவே, ஓடும்போதே மாற்றுவதுதான் அறிவு, அதுதான் சிக்கனம், அதுதான் பாசமும்கூட என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவரைக் கேட்டுக்கொள்கிறேன்.