அப்பம் எடுத்துச் செல்ல மறந்தவர்கள்



மீஞ்சூர் நிலையத்தில் மின்சார ரயிலுக்காக நிற்கும்போது நம் கை தானாகவே சட்டைப் பைக்குப் போகிறது. சீசன் டிக்கெட் இருக்கிறதா? வண்டி அத்திப்பட்டைத் தாண்டியதும் அடுத்த கவலை: கேஸ் அடுப்பை அணைத்தோமா? மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு வீடெல்லாம் தேடுகிறோம். கிடைக்காவிட்டால் புனித அந்தோணியாரைக் கூப்பிடுகிறோம். செவ்வாய்க்கிழமைகளில் கடற்கரை நிலையத்தில் இறங்கி, அரண்மனைக்காரன் தெருவுக்கு நடந்துபோய் அவரிடம் முறையிடுகிறவர்களும் நம்மில் உண்டு.

பொருளை மறந்தால் தேடிக்கொள்ளலாம். நமக்காகக் காத்திருக்கும் மனிதரை மறந்தால்?

மாற்கு நற்செய்தி 8-ஆம் அதிகாரத்தில் ஒரு மறதியைப் பார்க்கிறோம். சீடர்கள் அப்பம் எடுத்துவர மறந்துவிட்டுப் படகில் ஏறிவிட்டார்கள். படகில் இருந்தது ஒரே ஓர் அப்பம். அதைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தார்கள். அப்பத்தை ஏன் மறந்தீர்கள் என்று இயேசு கேட்கவில்லை. 5 அப்பங்களை 5,000 பேருக்குப் பகிர்ந்தபோது மீதி எத்தனை கூடை என்று கேட்டார். 12 என்றார்கள். 7 அப்பங்களை 4,000 பேருக்குப் பகிர்ந்தபோது? 7 என்றார்கள். கணக்கு நினைவில் இருந்தது; கொடுத்தவர் பக்கத்திலேயே இருக்கிறார் என்பதுதான் நினைவில் இல்லை.

அப்பம் எடுத்துச் செல்ல மறந்தவர்களில் பங்குப் பணியாளராகிய நாமும் உண்டு. மாதத்தின் முதல் வெள்ளியன்று நோயாளிகளின் வீடுகளுக்கு நற்கருணை கொண்டு செல்கிறோம். ஒரு முதல் வெள்ளியில் திடீரென ஓர் அடக்கச் சடங்கு வந்தது. அந்த அலைச்சலில், ரயில்வே கேட்டுக்கு அப்பால் தனியாக இருக்கும் ஒரு பாட்டியம்மாவை மறந்துபோனோம். மறுநாள் பூசையில் நற்கருணைப் பேழையைத் திறந்தபோதுதான் நினைவு வந்தது. பூசை முடிந்ததும் ஓடினோம். முக்காலியில் விரித்த வெள்ளைத் துணி அப்படியே இருந்தது. மெழுகுதிரி அடிவரை எரிந்து முடிந்திருந்தது. நன்மை வாங்காமல் சாப்பிடக் கூடாதென்று முந்தின நாள் மாலைவரை அவர் ஒரு வாய் காபிகூடக் குடிக்கவில்லை. முதியோருக்கும் நோயாளிகளுக்கும் அந்தக் கட்டாயம் இல்லை என்று திருச்சபைச் சட்டம் 919 சொல்கிறது. அதை அவரிடம் எடுத்துச் சொல்லவும் மறந்திருந்தோம்.

"பரவாயில்லை சாமி, உங்களுக்கு எவ்வளவோ வேலை" என்றார். திட்டியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்பானவர்களே, வயதானால் மறதி வரும். வேலை கூடினாலும் வரும். அது பாவமில்லை. ஆனால் யாரை மறக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் நம்மைக் கேள்வி கேட்காதவர்களைத்தான் மறக்கிறோம். கரண்ட் பில் தேதியை மறப்பதில்லை. மறந்தால் இணைப்பைத் துண்டித்துவிடுவார்கள். அம்மாவுக்கு மாத்திரை வாங்க மறந்துபோகிறோம். அம்மா நம்மைத் துண்டிக்க மாட்டார்.

ஆகவே இன்றிரவு குடும்பச் செபம் முடிந்ததும் ஒன்று செய்வோம். நமக்காகக் காத்திருக்கும் ஒருவருடைய பெயரைக் காலண்டரில் எழுதுவோம். நாளைக்குள் அவரைப் போய்ப் பார்ப்போம். முடியாவிட்டால் போனிலாவது பேசுவோம். ஒரே கேள்வியைப் பத்தாம் முறை கேட்கும் தாத்தாவுக்குப் பத்தாம் முறையும் முகம் சுளிக்காமல் பதில் சொல்வோம். அவர் மறப்பது வேறு. நாம் அவரை மறப்பது வேறு.

மறக்கக் கூடாததைப் பள்ளிப் பிள்ளைகள் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொள்வார்கள். கை கழுவினால் அது போய்விடும். தாய் தன் பிள்ளையை மறந்தாலும் தாம் மறப்பதில்லை என்று எசாயா 49-ஆம் அதிகாரத்தில் சொல்லும் ஆண்டவர், நம்மைத் தம் உள்ளங்கைகளில் பொறித்து வைத்திருப்பதாகவும் சொல்கிறார். ஆணி பாய்ந்த அந்தக் கைகளில் எழுதியது அழிவதில்லை. நாம் மறந்துபோன பாட்டியம்மாவின் பெயரும் அங்கே இருக்கிறது. அந்தக் கைகளைப் பிடித்துக்கொள்கிற நாம், அங்கே எழுதியிருக்கும் மற்றப் பெயர்களையும் வாசிக்கக் கற்றுக்கொள்வோம்.

இறைவன் நம் எல்லாரையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.