விரல் துண்டுபட்டால்



நம் குலத்து இளைஞர் பலர் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் ஆலைகளிற் பிரஸ் இயந்திரங்களின் முன் நின்று உழைக்கின்றனர். ஆங்கு விரல் துண்டுபடின், மேற்பார்வையாளர் வரட்டுமென்று காத்திருத்தலும், வேலை போய்விடுமென்று அஞ்சிக் காயத்தை மறைத்தலும் பெருந்தீங்காம். நேரம் கழியுந்தோறும் விரல் உயிரிழக்கும்.

முதற்கண் காயத்தைத் தூய துணியால் அழுத்திக் கையை உயர்த்திப் பிடித்தல் வேண்டும். துண்டான விரலை எறிதலும், பனிக்கட்டியினுள் நேரே புதைத்தலும் ஆகா. புதைத்தால் தசை உறைந்து கெடும். ஈரத்துணியிற் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, வாய் கட்டி, அப்பையைப் பனிக்கட்டிமேல் வைத்தலே முறை. உடனே 108ஐ அழைமின். 2008 முதல் தமிழ்நாட்டில் அவ்வூர்தி கட்டணமின்றி வருகின்றது. சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைத்துறை இத்தொழிலிற் பெயர்பெற்றது.

காயமுற்றார் உயிரைக் காத்தலே மருத்துவர்தம் முதற்கடன் என்று உச்சநீதிமன்றம் 1989இல் தீர்ப்பளித்துள்ளது. ஆதலின், தயங்காது செல்வோமாக. இம்முறையை இன்றிரவே நம் பிள்ளைகட்குச் சொல்லிவைப்போமாக.