கணக்கர் இரட்டைமலை சீனிவாசனார்



திவான் பகதூர் இரட்டைமலை சீனிவாசனாரை வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவராக நாம் அறிவோம். அதற்கு நெடுநாள் முன்னரே அவர் கணக்கராய்ப் பணியாற்றியவர் என்பதைப் பேசுவோர் சிலரே.

செங்கற்பட்டைச் சார்ந்த கோழியாளத்தில் பிறந்த அவர் கோயம்புத்தூரில் பயின்றார். சாதி வெளிப்பட்டுவிடுமோ என்றஞ்சி, பள்ளிக்கு வெளியே அமர்ந்து படித்திருந்து, மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். 1939இல் வெளியிட்ட தம் வரலாற்றுச் சுருக்கத்தில் அவரே இதனைக் குறித்துள்ளார். நாள்தோறும் மணி அடிக்கச் செய்யும் தலைமையாசிரியனாகிய என்னால் அப்பகுதியை எளிதிற் கடந்து செல்ல இயலவில்லை.

பின்னர் நீலகிரியில் ஆங்கிலேயர் வணிக நிலையங்களில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் கணக்கெழுதினார். 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் நான்கு பக்க இதழொன்றைத் தொடங்கினார். எப்பெயரை மறைத்துப் பயின்றாரோ அப்பெயரையே, 'பறையன்' என்று, அதன் முகப்பில் அச்சிட்டார். இதழ் ஏழாண்டுகள் நடந்தது.

அதே 1893இல், இந்திய சிவில் சர்வீஸ் தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டுமென்று காங்கிரசார் கோரினர். அப்பதவிகள் சாதி இந்துக்களுக்கே சென்று சேரும், நம்மவர் துன்பம் பெருகும் என்று அவர் எதிர்த்து, பிரிட்டிஷ் பாராளுமன்றத்திற்கு விண்ணப்பம் அனுப்பினார். அதன் நீளம் 112 அடி; கையொப்பங்கள் 3,412. நாமாயின் 'ஆயிரக்கணக்கானோர்' என்று எழுதி முடித்திருப்போம்! பேரேடு எழுதிப் பழகிய கை அங்ஙனம் எழுதாது.

1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் அவர் கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, பொதுச்சாலை, கிணறு, குளம் யாவும் அனைவருக்கும் உரியன என்று அரசாணை பிறந்தது. நாஞ்சில் நாடு அந்நாளில் திருவிதாங்கூர் ஆட்சியில் இருந்தமையால், அவ்வாணை ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கேயே நின்றுவிட்டது. சுசீந்திரம் தெருக்களில் நடப்பதற்காக இங்கு 1926இல் தனியே போராட நேர்ந்தது.

இக்கழகத்தாரிடம் எனக்கொரு விண்ணப்பம் உண்டு. 'நம் பிள்ளைகள் பெரும்பாலோர் படித்துவிட்டனர்' என்று மேடைதோறும் கேட்கிறோம். எத்தனை பேர்? பத்தாம் வகுப்போடு நின்றவர் யார், யார்? உதவித்தொகை கிடைக்கப் பெறாதவர் எவர்? ஊர்வாரியாகப் பெயரும் வகுப்பும் குறித்த பதிவேடொன்று நமக்கு வேண்டும். வரும் சூன் திங்களில் பள்ளி திறந்ததும், என்னுடன் பணியாற்றும் ஆசிரியர் இருவர் வீடு வீடாகச் சென்று அதனை எழுதத் தொடங்க இசைந்துள்ளனர். நோட்டுப் புத்தகத்தைக் கழகம் வாங்கித் தருதல் வேண்டும்.