சோழியில் கிரகணம்

இயற்பியலோ கணிதமோ படிக்கும் திருப்பாதிரிப்புலியூர்ப் பிள்ளைகளே, வானியலைத் துணைப்பாடமாக எடுக்கத் தயங்காதீர்கள். பாரிசுக்கு இறையியல் படிக்கப் போனவர் பிரெஞ்சுக்காரரான லெ ஜென்டில். இடையில் கேட்ட, டெலில் என்ற வானியலாளரின் வகுப்புகள் அவர் வாழ்க்கையையே திருப்பிவிட்டன. வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்க, 1769-இல் நம் பக்கத்துப் புதுச்சேரியில் காத்திருந்தார். வெள்ளி கடந்த அன்று காலை மேகம் மூடிக்கொண்டது, பாவம். 1761-லும் நடுக்கடலில் அளக்க முடியாமல் போனவர் அவர்.

ஆனால் புதுச்சேரியில் ஒரு தமிழரிடம் கிரகணக் கணக்கு கற்றார். எழுதிப் பார்க்காமல், சோழிகளைப் பரப்பி, வாய்பாடுகளை மனப்பாடமாகச் சொல்லி, முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார் நம்மவர்! 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழ்க் கணக்கு உண்மையைவிட 41 விநாடி குறைந்தது. ஐரோப்பிய வானியலாளர் மாயரின் அட்டவணைக் கணக்கோ 68 விநாடி கூடியது.