உட்கார ஓர் இடம்

நியூயார்க் மாநகரில், கட்டடத்தின் முன்னே பொதுஜனங்களுக்கென்று திறந்த முற்றம் விடுவோர்க்கு அதிகத் தளங்கள் கட்டிக்கொள்ள 1961-ஆம் ஆண்டு விதி சலுகை தந்ததால் முற்றங்கள் பெருகின. ஆயினும் அவற்றில் பல ஜனசஞ்சாரமற்றே கிடந்தன. காரணம் ஆராயப் புகுந்த வில்லியம் ஒயிட் என்பவர், சலனப்படக் கருவியோடு நெடுநாள் கவனித்து, வெயிலும் விஸ்தீரணமும் சிற்ப அலங்காரமும் இரண்டாம்பட்சமே, உட்கார வசதியுள்ள இடத்தில்தான் மனிதர் உட்காருகிறார்கள் என்று கண்டார். இதற்கு ஓர் ஆராய்ச்சியா என்று நேயர்கள் நகைக்கலாம்; கட்டடக்காரர் சிலரோ திண்டுகளின்மேல் கூரிய கம்பிகளையல்லவா பதித்து வைத்திருந்தார்கள்! நகர்த்தக்கூடிய நாற்காலி கிடைத்தால், அவசியமே இல்லாவிட்டாலும் அதை ஓரிரு அங்குலம் நகர்த்திய பிறகே பலர் அமருகிறார்கள் என்பது அவர் கண்ட விநோதம். 1975-இல் விதி திருத்தப்பட்டு, முற்றத்தின் ஒவ்வொரு 30 சதுர அடிக்கும் ஓரடி நீள ஆசனம் கட்டாயமாயிற்று.